பாதம் மறுபடி எழும்

பழனி மலைத் தொடர் நடந்தே பிழைக்க வேண்டிய நிலம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களுக்குத் தெரியும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியும். வட்டக்கானலுக்குக் கீழே சரிவில் இருக்கும் வெள்ளகவியில் தலைமுறை தலைமுறையாக வாகனச் சாலை இல்லாமலே வாழ்ந்திருக்கிறார்கள். மளிகைச் சாமான் குதிரை முதுகில் போகும். நோயாளி டோலியில் ஏறி வருவார். ஊர் எல்லைக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்பது அங்கே காக்கப்படும் வழக்கம்.

இப்படிப்பட்ட மண்ணில் ஒருவருக்கு முன்பாதம் மேலே எழும்பாமல் போனால் நடையோடு கூலியும் போகிறது. தொழுநோய் கொண்டுவரும் ஊனங்களில் இது ஒன்று. மருத்துவமனைகளில் ‘ஃபுட் டிராப்’ என்பார்கள். தொங்கும் பாதம் என்று நாம் சொல்லலாம். இதை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். அந்தச் சிகிச்சை இன்றைய வடிவத்துக்கு வந்ததில் வேலூருக்கும் கரிகிரிக்கும் செங்கல்பட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. உலகம் முழுதும் உள்ள எலும்பு அறுவை மருத்துவர்கள் அறிந்த இந்தச் செய்தியை நம் ஊர்க்காரர்களில் மிகப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். அறியாததால் பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் நல்ல கால் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சமதரையில் நடக்கும்போது, காற்றில் முன்னேறும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே, மிகத் தாழ்ந்த கட்டத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். அந்தச் சிறு இடைவெளியைத் தருபவை கணைக்காலின் முன்பக்கத்துத் தசைகள். அவற்றில் பெரியது டிபியாலிஸ் ஆன்டீரியர். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். முன்னெலும்புக்குச் சற்று வெளிப்புறமாக விரலை வைத்தால் அது புடைப்பது தெரியும். பெருவிரலைத் தூக்கும் தசை ஒன்று, மற்ற நான்கு விரல்களைத் தூக்கும் தசை ஒன்று என இரண்டு துணைகள் அதற்கு உண்டு. அடி எடுத்து வைக்கையில் பாதத்தைத் தூக்குவது இவற்றின் முதல் வேலை. குதிகால் தரையைத் தொட்டபின் பாதம் அறைந்து விழாமல் மெல்ல இறக்கி வைப்பது இரண்டாவது வேலை. மலையிறக்கத்தில் இந்த இரண்டாவது வேலை அதிகம்.

இந்தத் தசைகளையும், பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பும் தசைகளையும் இயக்குவது ஒரே நரம்பு. காமன் பெரோனியல் என்று பெயர். முழங்காலுக்குப் பின்னாலிருந்து வரும் அது, முழங்காலின் வெளிப்புறம் சற்றுக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு முண்டுக்குக் கீழே வளைந்து முன்னால் போகிறது. அந்த எலும்பு ஃபிபுலா. அந்த வளைவில் நரம்புக்கு மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும் தவிர வேறு காப்பு கிடையாது. எலும்பு முறிவு, இறுக்கமான மாவுக்கட்டு, நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்காருதல் என எதுவும் அதை அங்கே நசுக்கிவிடலாம். தொழுநோய்க் கிருமியும் அந்த இடத்தைத்தான் தேடிப் போகிறது.

ஏன் அங்கே? இதற்கான விடையின் ஒரு பகுதி செங்கல்பட்டில் கிடைத்தது. அதைக் கண்டவர் இன்னொரு மலையில் பிறந்தவர். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். அவர் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் அங்கே மிஷனரிகளாக இருந்தார்கள். வெறுங்காலோடு மலைப்பிள்ளையாக வளர்ந்து, படிப்புக்காக இங்கிலாந்து போய், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன் தொழுநோயில் தேர்ந்த தோல் மருத்துவர். நோயைப் பற்றி அன்று உலகில் மிகுதியாக அறிந்தவர்களில் ஒருவர். மடங்கிப்போன கைகளையும் தேய்ந்துபோன பாதங்களையும் கண்ட பிராண்ட், இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். எலும்பு மருத்துவரான நீங்களல்லவா அதைச் சொல்ல வேண்டும் என்று காக்ரேன் திருப்பிக் கேட்டார். அத்தனை லட்சம் பேர் கைகால் முடங்கிக் கிடந்தும் எலும்பு மருத்துவர்கள் யாரும் இந்த நோய்ப் பக்கம் வராமல் இருந்தார்கள்.

அன்று நோயாளி ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்ன பிராண்ட், வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். உணர்வும் இல்லாமல் விரல்களும் மடங்கிப்போன அந்தக் கையில் சில தசைகள் முழு வலிமையோடு இருந்தன. அப்படியென்றால் இந்த நோய் எல்லாத் தசைகளையும் சிதைப்பதில்லை, சிலவற்றை விட்டுவைக்கிறது. எவற்றை விட்டுவைக்கிறது என்று தெரிந்தால் அவற்றைப் பயன்படுத்தலாம். வேலூர்க் குழு நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தசை தசையாகச் சோதித்தது. இறந்த ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளை நீளவாக்கில் திறந்து பார்த்தது. நரம்பு முழுதும் ஒரே மாதிரி கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலை ஒட்டி, கணுக்காலின் உட்புறம் எனத் தோலுக்கு நெருக்கமாக நரம்பு வரும் இடங்களில் மட்டுமே வீங்கித் தடித்திருந்தது. ஆழத்தில், தசைகளுக்கு நடுவே ஓடும் இடங்களில் நன்றாக இருந்தது.

தோலுக்கு அருகில் உடம்பு சற்றுக் குளிர்ந்திருக்கும். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்த இந்தக் கிருமி, 37 டிகிரியைவிடச் சில டிகிரி குறைந்த சூட்டில்தான் நன்றாகப் பெருகும். மூக்கு, காது மடல், கைகால் என நோயின் தடம் பதியும் இடங்களெல்லாம் உடம்பின் குளிர்ந்த இடங்கள். கிருமி பெருகுவதும் மிக மெதுவாக. ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் தொற்றிச் சராசரியாக 5 ஆண்டு கழித்தும், சிலருக்கு 20 ஆண்டு கழித்தும் நோய் வெளிப்படுகிறது. நரம்புக்கு உறையாக இருக்கும் ஷ்வான் செல்களுக்குள் அது குடியேறுகிறது. நரம்பைப் பெரிதும் கெடுப்பது கிருமியை எதிர்த்து நம் உடம்பே எழுப்பும் அழற்சி. ஃபிபுலாவின் கழுத்தில், எலும்புக்கும் நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள இறுக்கமான இடுக்கில் நரம்பு வீங்கினால் அதற்கு விரிய இடமில்லை. தன் வீக்கத்தாலேயே அது நசுங்குகிறது.

அதன்பின் நடக்கிறவருக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விரல் தரையில் இடறாமல் இருக்க அவர் முழங்காலை வழக்கத்தைவிட உயரத் தூக்குவார். பாதம் ‘தப்’பென்று விழும். ரப்பர் செருப்பு காலில் நிற்காது. கழன்று பின்னால் கிடப்பது உணர்வில்லாத பாதத்துக்குத் தெரியவும் தெரியாது. வெளிப்பக்கம் திருப்பும் தசைகளும் செயலிழந்திருந்தால் பாதம் உள்நோக்கிச் சாய்ந்துகொள்ளும். அப்போது குதிகாலுக்குப் பதிலாக முன்பாதத்தின் வெளி ஓரம்தான் முதலில் தரையில் மோதும். உடம்பின் முழு எடையும், தாங்குவதற்கென்று அமையாத சின்னஞ்சிறு பரப்பில் ஒவ்வோர் அடியிலும் இறங்குகிறது. நல்ல கால் என்றால் நூறு அடிக்குள் வலித்து நம்மை உட்கார வைத்துவிடும். உணர்வற்ற கால் மாலைவரை நடக்கும். அங்கே கொப்புளம், பிறகு புண், பிறகு எலும்புவரை சீழ். தொழுநோயில் விரல்கள் உதிர்ந்துவிடும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கிருமி விரலைத் தின்பதில்லை. உணர்வற்ற இடத்தில் ஏற்படும் காயமும், காயத்தில் புகும் வேறு கிருமிகளும், கவனிப்பாரற்ற நாட்களும் சேர்ந்து எலும்பைக் கரைக்கின்றன. தொங்கும் பாதத்தைத் தூக்கி நிறுத்துவது புண்ணைத் தடுக்கும் வேலையும்தான் என்று அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சியும் பிராண்டும் 1957இலேயே மருத்துவ இதழில் எழுதினார்கள். நடையின் அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்று இதை யாராவது நினைத்தால் அது பெரிய பிழை.

சரிசெய்வதற்கான வழி, வேலூர்க் குழு கண்ட அந்த நரம்புப் படத்திலேயே இருந்தது. கணைக்காலின் பின்பக்கத் தசைகளுக்குப் போகும் டிபியல் நரம்பு, ஆடுசதைக்கு உள்ளே ஆழமாக ஓடுகிறது. அங்கே அது தப்பித்துவிடுகிறது. கணுக்காலின் உட்புறத்துக்கு வந்து தோலை நெருங்கும்போதுதான் அடிபடுகிறது. அதனால் உள்ளங்கால் உணர்வும் பாதத்துக்குள் உள்ள சிறு தசைகளும் போகும். ஆடுசதையின் தசைகள் நிற்கும். அவற்றில் ஆக ஆழத்தில், இரு எலும்புகளுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருப்பது டிபியாலிஸ் போஸ்டீரியர். அதன் தசைநாண் உட்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி, பாதத்தின் உள் வளைவில் நாவிக்குலர் என்னும் எலும்பில் முடிகிறது. பாதத்தை உட்பக்கம் திருப்புவதும், நிற்கும்போது வளைவைத் தாங்குவதும் அதன் வேலை. மற்ற தசைகள் செயலிழந்த பாதத்தில் இது தடுப்பாரின்றி இழுத்து உள்நோக்கிய சாய்வை மோசமாக்கும். கெடுதல் செய்துகொண்டிருக்கும் அந்த வலிமையை எடுத்துத் தேவையான இடத்தில் வைக்க வேண்டும். நீர் வராத வாய்க்காலுக்குப் பக்கத்து வாய்க்காலில் மடையை மாற்றி விடுவதைப் போன்ற வேலை இது.

தசைநாணை இடம் மாற்றுவது தொழுநோய்க்கென்று பிறந்த யோசனை அன்று. இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த குழந்தைகளுக்கு அதை முன்பே செய்துவந்தார்கள். டிபியாலிஸ் போஸ்டீரியரைக் கணைக்காலைச் சுற்றி முன்னால் கொண்டுவரும் முறையை அமெரிக்காவில் ஓபர் என்பவர் 1930களில் விவரித்திருந்தார். இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள சவ்வைத் திறந்து அதன் வழியே நேராக முன்னால் இழுக்கும் முறையை வேறு சிலர் விரும்பினார்கள். மலாயாவிலிருந்து 1957இல் மருத்துவர்கள் கன்னும் மோல்ஸ்வொர்த்தும் இதைத் தொழுநோய்ப் பாதங்களில் செய்த அனுபவத்தை எழுதினார்கள். தொழுநோயாளியின் சதை ‘கெட்ட சதை’, வெட்டினால் ஆறாது என்ற நம்பிக்கை இதற்கெல்லாம் முன்பு மருத்துவர்களிடமே வேரூன்றியிருந்தது. 1940களின் இறுதியில் வேலூரில் கைகளில் செய்த முதல் அறுவைகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. தையல் போட்ட புண்கள் எல்லோருக்கும் ஆறுவது போலவே ஆறின.

இந்த இடத்தில் மேரி வர்கீஸைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. வேலூரில் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர். 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே முற்றிலும் செயலிழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். தன் கால் நடக்காத ஒருவர் பிறர் கை இயங்க உழைத்தது நம் மண்ணில் நடந்தது.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அதே ஆண்டில் செங்கல்பட்டு மருத்துவமனையை இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. கரிகிரியில் ஃபிரிட்சி அறுவைக் கூடத்திலும் வெளியிலும் உழைத்தார். பொட்டல் காடாகக் கிடந்த அந்த வளாகத்தை மரம் வளர்த்துச் சோலையாக்கியவரும் அவரே. தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை பற்றிய அவர் நூல் 1971இல் வெளிவந்தது. செங்கல்பட்டில் எச். சீனிவாசன் தொங்கும் பாதத்தை எடுத்துக்கொண்டார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1968இல் பிரிட்டனின் எலும்பு மூட்டு அறுவை இதழில் வெளியிட்ட இரட்டை வால் முறை, உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் கட்டுரையாயிற்று. இந்தியாவில் இன்றும் தொழுநோய்ப் பாதங்களுக்குப் பரவலாகச் செய்யப்படுவது அந்த முறையும் அதன் கிளைகளும்தான்.

அந்த அறுவை இப்படி நடக்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி. பாதம் நெடுநாள் தொங்கியே கிடந்ததால் குதிகால் நாண் சுருங்கிப்போயிருக்கும். முதலில் அதை நீட்டிவிடுவார்கள். இதைச் செய்யாமல் முன்னால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பின்னாலிருக்கும் சுருக்கம் வென்றுவிடும். அடுத்து, பாதத்தின் உள் வளைவில் சிறு கீறல் போட்டு டிபியாலிஸ் போஸ்டீரியரின் நாணை எலும்பிலிருந்து விடுவிப்பார்கள். கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில் இன்னொரு கீறல். விடுவித்த நாண் அதன் வழியே வெளியே வரும். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரண்டு வால்களாக்குவார்கள். பிறகு தோலுக்கு அடியில், முன்னெலும்பைக் குறுக்காகக் கடந்து பாதத்தின் மேற்புறம் வரை சுரங்க வழி எடுத்து இரண்டு வால்களையும் கொண்டுவருவார்கள். ஒரு வாலைப் பெருவிரல் தூக்கும் நாணோடும், மற்றொன்றை மற்ற விரல்களைத் தூக்கும் நாண்களோடும் பின்னித் தைப்பார்கள். தைக்கும் நேரம் முழுக்கப் பாதத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டு வால் எதற்கு என்பதில்தான் சீனிவாசனின் நுட்பம் இருக்கிறது. ஒரே நாணாக உட்புற எலும்பில் பொருத்தினால் பாதம் எழும், ஆனால் உட்பக்கம் சாய்ந்துகொண்டே எழும். வெளி ஓரம் மறுபடி தரையில் மோதும். எந்தப் புண்ணைத் தடுக்க அறுவை செய்தோமோ அதுவே வரும். இரண்டாகப் பிரித்து, வெளிப்பக்கத்து வாலை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைத்தால் பாதம் நேராக எழும். எலும்பில் துளையிடாமல் நாணோடு நாணைத் தைப்பதால் விரல்களும் கூடவே எழுகின்றன. எவ்வளவு இறுக்கம் என்பது அளவுகோலில் வராது, அனுபவத்தில்தான் வரும். தளர்வாகத் தைத்தால் பாதம் மறுபடி தொங்கும். இந்தக் கைப்பக்குவம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒன்று.

நான்கு முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகு தொடங்கும் பகுதிதான் எனக்கு மிகுந்த வியப்பளிப்பது. டிபியாலிஸ் போஸ்டீரியர் வாழ்நாள் முழுதும், கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தில் வேலை செய்து பழகிய தசை. கால் காற்றில் போகும்போது அது ஓய்ந்திருக்கும். இனி அது தலைகீழாக, காற்றில் போகும்போது இழுத்து, ஊன்றும்போது தளர வேண்டும். மூளை இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாடம் அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. நோயாளி ஒரு காலை மறு தொடைமேல் போட்டு உட்கார்ந்து பாதத்தை உட்பக்கமாகத் திருப்புவார். உட்கணுக்காலுக்குப் பின்னே நாண் புடைப்பதைக் கண்ணால் பார்ப்பார். இந்தத் தசையை மட்டும் தனியாக இயக்க அவர் தேர்ச்சி பெற்றால்தான் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். மாவுக்கட்டு பிரித்ததும் பிசியோதெரபிஸ்ட் அதே அசைவைச் செய்யச் சொல்வார். உட்பக்கம் திருப்ப நினைக்கும்போது பாதம் மேலே எழும். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு நின்றபடி, பிறகு இரு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடந்தபடி, கடைசியில் படிகளில். சில வாரங்களில் ‘திருப்பு’ என்று நினைக்க வேண்டிய தேவை மறைந்து, நடக்கும்போது தானாகவே பாதம் எழத் தொடங்கும். எல்லோருக்கும் இந்த மாற்றம் முழுமையாக வருவதில்லை. வராதவர்களுக்கும், இறுக்கித் தைத்த நாண் பாதம் விழாமல் தாங்கிக்கொள்ளும். இடறல் குறையும், செருப்பு நிற்கும்.

இழந்ததெல்லாம் திரும்பி வரும் என்று யாரும் சொல்லக் கூடாது. பாதத்தைக் கீழ்நோக்கி முழுவதும் நீட்ட முடியாமல் போகலாம். இடம் மாறிய தசை பழைய தசையின் முழு வலுவை எட்டாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உள்ளங்கால் உணர்வு திரும்பாது. அறுவைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கப் பாதத்தைக் கண்ணால் காக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு அணிய வேண்டும். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரால் ஆன அந்தச் செருப்பும் பிராண்ட் காலத்து வேலூர்ச் சோதனைகளில் உருவானதுதான். இன்று அரசு இலவசமாகத் தருகிறது.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகச் சில எச்சரிக்கைகள். கொடைக்கானல் குளிரில் அடுப்பருகே காலை நீட்டிக் குளிர் காய்வது உணர்வற்ற பாதத்துக்குப் பெரும் ஆபத்து. தோல் வெந்தது தெரியவே தெரியாது. அட்டை கடித்த இடத்தையும் முள் தைத்த இடத்தையும் மாலையில் தேடிப் பார்க்க வேண்டும். பழனிக் கோயிலுக்குப் போகிறவர் கல்தரை கொதிக்கும் உச்சிவேளையை விட்டு, வெயில் ஏறும் முன் போய் வரட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யாருக்கு இந்த அறுவை பொருந்தும்? கிருமிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை முறையாக எடுத்தவராக இருக்க வேண்டும். அது நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நரம்பு அழற்சி அடங்கிக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். பாதத்தில் ஆறாத புண் இருக்கக் கூடாது. கணுக்கால் மூட்டு கையால் அசைத்தால் அசைய வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வருகிறவர்களுக்கு மூட்டு இறுகி எலும்பே உருமாறியிருக்கும். அப்போது எலும்புகளை வெட்டி இணைக்கும் பெரிய அறுவை ஒன்றே மிஞ்சும், பலனும் குறைவு. மறுபுறம், நரம்பு செயலிழந்த ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் அழற்சியைத் தணிக்கும் பிரட்னிசோலோன் மாத்திரையாலேயே பலருக்கு நரம்பு மீள வாய்ப்பு உண்டு. கத்தியே தேவைப்படாமல் போகலாம். காத்திருக்கும் நாட்களில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையோ ஸ்பிளின்ட்டோ போட்டுக்கொண்டால் குதிகால் நாண் சுருங்காது.

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, கோடிக்கும் மேற்பட்டவர்களைக் குணமாக்கியிருக்கிறது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. அது உண்மையான சாதனை. ஆனால் நோயே ஒழிந்துவிட்டது என்று மக்களும் மருத்துவர்களில் பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2023இல் உலகில் சுமார் 1,82,000 புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். மருந்து கிருமியைக் கொல்லும். நசுங்கிய நரம்பை எழுப்பாது. மாத்திரை முடிந்ததும் பதிவேட்டில் ‘குணமானவர்’ ஆகிவிடுகிறவர் தொங்கும் பாதத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார். எண்ணிக்கை குறைந்தபோது இந்த அறுவையைக் கைப்படப் பயின்ற மருத்துவர்களும் குறைந்தார்கள். உலகுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ்நாட்டில் இந்தத் திறனை மங்கவிடக் கூடாது. எலும்பு அறுவையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் பயிலும் ஒவ்வொருவரும் கரிகிரியிலோ செங்கல்பட்டிலோ சில வாரமாவது இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒளித்துவைக்கும் பழக்கம்தான் இன்னொரு பகை. இந்தியத் தொழுநோயாளிகள் சட்டம் 1898இல் வந்து 2016 வரை ஏட்டில் இருந்தது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமை 2019இல்தான் நீக்கப்பட்டது. சட்டமே இவ்வளவு காலம் ஒதுக்கிவைத்திருந்தபோது, மலைக்கிராமத்துப் பெண் ஒருவர் தோலில் தோன்றிய உணர்ச்சியற்ற தேமலைச் சேலைக்குள் மறைத்தால் அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் மறைத்த ஒவ்வொரு மாதமும் அவர் நரம்பிலிருந்து போகிறது. பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் கிருமியை இயல்பாகவே வென்றுவிடும். மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பரவாது. இதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டாலே பாதிப் பயம் போகும்.

உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், காலில் செருப்பு நிற்கவில்லை என்றால், குதிகாலை மட்டும் ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால், அந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரைக்குக் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் அறுவைக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்கும் கட்டணம் இல்லை. அறுவை செய்துகொள்பவருக்கு, கூலி இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு 12,000 ரூபாய் தருகிறது. உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ முழங்காலை உயரத் தூக்கி, பாதம் தப்பென்று விழ நடக்கும் ஒருவர் இருந்தால் அவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போய்வாருங்கள்.